தோட்டத்து வால்வுகளுக்கு எந்த ஒயர்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், நீளவாக்கில் அமைந்த அறுபது சென்ட் இடத்தில் வீடும் தோட்டமும் இருக்கின்றன. ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்க இனி முடியாது என்பதால், தானாக நீர் தெளிக்கும் அமைப்பை வைக்கிறோம். மொத்தம் ஆறு மின்வால்வுகள். கிழக்கே நான்கு, அவற்றில் தென்னைகளுக்கான கடைசி வால்வு, வராந்தாவில் உள்ள கண்ட்ரோலரிலிருந்து (வால்வுகளை நேரப்படி திறந்து மூடும் கருவி) 85 மீட்டர் தள்ளி வருகிறது. மேற்கே புல்தரைக்கு இரண்டு, 30 மீட்டருக்குள். ஒன்றரை குதிரைத்திறன் போர்வெல் மோட்டார். மண் கரிசல். வால்வுகளுக்கு ஒயர் வாங்குவதில்தான் குழப்பம். எலக்ட்ரீஷியன், ‘இரண்டரை எம்.எம். ஆர்மர்டு கேபிள்தான் போட வேண்டும்’ என்கிறார். கடைக்காரர், ‘வெறும் 24 வோல்ட்தானே, இன்டர்நெட் கேபிள் போதும், அதில் எட்டுக் கம்பி இருக்கிறது’ என்கிறார். வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு எம்.எம். ஒயர் இரண்டு சுருள் கிடக்கிறது, அதையே குழாய்க்குள் விட்டுவிடலாம் என்கிறார் மருமகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, வணக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வரைபடம் அருமை. ஒவ்வொரு வால்வுக்கும் தூரத்தை அடிக்கோல் வைத்து எழுதி அனுப்பும் வாடிக்கையாளர் எனக்கு ஆண்டுக்கு ஒருவர் கிடைத்தாலே அதிகம்.

மூவரில் கடைக்காரர் சொன்னதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். எலக்ட்ரீஷியனும் மருமகனும் பாதி சரி. ஆனால் மூவருமே செம்பின் கனத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒயர் மெலிதாக இருந்ததால் நின்றுபோன தோட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலுறையும் ஜாயின்ட்டும் கெட்டு நின்றவற்றுக்குக் கணக்கே இல்லை. கனத்தைப் பற்றிய கணக்கு பத்து நிமிட வேலை. அதை முதலில் முடித்துவிடுவோம்.

உங்கள் வால்வின் தலையில் இருக்கும் காயில், அதாவது வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருள், 24 வோல்ட் ஏ.சி.யில் இயங்குகிறது. திறக்கும் நொடியில் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். திறந்தபின் கால் ஆம்பியரைத் தாண்டாது. ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம்தான். எனவே ஒயர் சூடாகுமா, எரியுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கண்ட்ரோலரில் புறப்படும் 24 வோல்ட்டில் எவ்வளவு வால்வு வரைக்கும் போய்ச் சேர்கிறது என்பது. மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் 85 மீட்டர் தூரத்துக்கு 170 மீட்டர் செம்பு என்று கணக்கிட வேண்டும்.

ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19.5 ஓம். 170 மீட்டருக்கு 3.3 ஓம். திறக்கும் நொடியில் 0.45 ஆம்பியர் என்று வைத்தால், வழியில் தொலைவது ஒன்றரை வோல்ட். இதையே ஒன்றரை எம்.எம். ஒயரில் போட்டால் ஒரு வோல்ட். எலக்ட்ரீஷியன் சொன்ன இரண்டரையில் போட்டால் 0.6 வோல்ட். ஆக, ஒன்றிலிருந்து இரண்டரைக்குப் போனால் உங்கள் கைக்கு வருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான லாபம். கொடுக்கும் விலையோ இரண்டரை மடங்கு செம்புக்கு. அவர் மீது குறை இல்லை. அவர் நாள் முழுவதும் 230 வோல்ட்டோடும் மோட்டாரோடும் பழகுகிறவர். அங்கே அந்த எச்சரிக்கை நியாயம்.

இன்டர்நெட் கேபிளுக்கு வருகிறேன். இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. வீட்டு ஒயரில் ‘ஒரு எம்.எம்.’, ‘ஒன்றரை எம்.எம்.’ என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்வது உண்மையில் சதுர மில்லிமீட்டர், அதாவது வெட்டுமுகத்தின் பரப்பு. டெலிபோன் கேபிளிலும் இன்டர்நெட் கேபிளிலும் ‘அரை எம்.எம். கம்பி’ என்றால் அது விட்டம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர்தான்; பள்ளியில் நீங்களே சொல்லிக் கொடுத்த பை ஆர் ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். இப்படி ‘அரை எம்.எம்.’ என்று நம்பி, ஐந்தில் இரண்டு பங்கு செம்பை வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். அந்தக் கம்பியில் 170 மீட்டருக்கு மின்தடை 15 ஓம். ஆறு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

பதினேழு வோல்ட் மிஞ்சுகிறதே, வால்வு திறக்காதா என்று கேட்பீர்கள். வீட்டுக்கு முழு 230 வோல்ட் வரும் நாளில் திறந்தாலும் திறக்கும். மாலையில் ஊரே மோட்டார் போட்டு, லைனில் 190 ஆக இறங்கும்போது கண்ட்ரோலருக்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரும் அதே விகிதத்தில் இறங்கி இருபதைத்தான் கொடுக்கும். அதிலும் ஒயர் தின்றது போக, தென்னை வால்வுக்குப் பதினைந்து கூட மிஞ்சாது. அப்போது காயில் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை முழுதாக மேலே இழுக்க முடியாமல் ‘உர்ர்’ என்று உறுமிக்கொண்டிருக்கும். தண்டு மேலே போய் உட்கார்ந்தால்தான் ஏ.சி. காயிலில் ஓட்டம் குறையும். பாதியில் நின்றால் திறக்கும் நேரத்து ஓட்டமே தொடர்ந்து ஓடி, காயில் சூடாகி வெந்துபோகும். கம்பிக்கு மிச்சம் பிடித்த பணத்தைக் காயிலுக்குக் கொடுப்பீர்கள்.

அதோடு தொலைந்தால் பரவாயில்லை. வால்வு திறக்காவிட்டாலும் மோட்டார் ஓடும். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் அடைத்த குழாயைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் ஓடினால் எந்த எல்போ முதலில் கழன்றுகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டாரும் தன் சூட்டைத் தணிக்க நீரோட்டத்தைத்தான் நம்பியிருக்கிறது.

எனவே கனம்: ஒரு சதுர மில்லிமீட்டர் போதும். ஒன்றரை கிடைத்தால், விலையும் ஒத்துவந்தால் வாங்குங்கள். இரண்டு வால்வுகளை ஒரே நேரத்தில் திறக்கும் எண்ணம் பிற்காலத்தில் வந்தால் பொதுக் கம்பிக்கு அது உதவும். எதை வாங்கினாலும் முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சில ஒயர்களில் செம்புக்கும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள் என்பதால் அங்கே நிறம் தலைகீழ்: வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அது நல்ல சரக்கு.

இனி மருமகனின் யோசனை. கனத்தில் அவர் கணக்கு சரியாகவே இருக்கிறது; சிக்கல் அந்த ஒயரின் தோலில். வீட்டு ஒயருக்கு இருப்பது ஒற்றை பி.வி.சி. உறை. சுவருக்குள் காய்ந்த குழாயில் கிடப்பதற்காகச் செய்தது. ‘குழாய்க்குள்தானே விடுகிறோம்’ என்கிறார். பூமிக்குள் புதைத்த எந்தக் குழாயிலும் இரண்டு மழைக்காலத்துக்குள் தண்ணீர் சேர்ந்துவிடும். வெளியே இருந்து கசிந்து வரும். வராவிட்டாலும் குழாய்க்குள் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து வேர்க்கும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அந்தத் தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் ஊறுவதற்கு ஒற்றை உறை தாங்காது. போதாததற்கு ஒயரைக் குழாய்க்குள் இழுக்கும்போது ஏற்படும் ஒரு நகக்கீறல் போதும். அந்த இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். குழாய் என்பது கடப்பாரைக்கும் பெருச்சாளிக்கும் காவல். தண்ணீருக்குக் காவல் ஒயரின் மேலுறைதான்.

வாங்க வேண்டியது, ஒவ்வொரு கம்பிக்கும் தனி உறையும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே ஒரு கறுப்பு உறையும் உள்ள பல கோர் செம்புக் கேபிள். பாசனத்துக்கென்றே பாலிஎத்திலீன் உறையோடு, நேராக மண்ணில் புதைக்கும்படி செய்த கேபிள் உண்டு, பி.வி.சி.யைவிடப் பாலிஎத்திலீன் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். கோவையில் சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகள் விற்கும் பெரிய கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தடித்த கறுப்பு உறையுள்ள சாதாரண பல கோர் கேபிளை எச்.டி.பி.இ. குழாய்க்குள் விட்டுப் புதைக்கலாம். வெள்ளை உறை வேண்டாம். வால்வுப் பெட்டியிலும் (வால்வை உள்ளே வைத்து மண்ணில் பதிக்கும் மூடி போட்ட பெட்டி) சுவரோரத்திலும் வெயில் படும் இடத்தில் அது வெளிறி வெடித்துவிடும்.

ஆர்மர்டு கேபிள் தவறா என்றால் இல்லை. கார் ஏறி இறங்கும் பாதைக்கு அடியிலும், பெருச்சாளி வளை தோண்டும் வேலியோரத்திலும் அதன் இரும்புக் கவசம் பயன்படும். ஆனால் சின்ன வால்வுப் பெட்டிக்குள் அதை வளைக்க முடியாது. ஒவ்வொரு முனையிலும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட வேண்டும், கவசத்தை எர்த் செய்ய வேண்டும். ஆறு வால்வுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் கேபிளை ஓர் இரும்புக் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

கோர், அதாவது கேபிளுக்குள் இருக்கும் தனிக் கம்பி, எத்தனை என்று நீங்கள் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வால்விலும் இரண்டு கம்பிகள் வெளியே வரும். இரண்டில் எது எதுவானாலும் சரி. எல்லா வால்வுகளிலிருந்தும் ஒவ்வொரு கம்பியை எடுத்து ஒன்றாகச் சேர்த்தால் அது பொதுக் கம்பி. கண்ட்ரோலரில் ‘காமன்’ என்று எழுதிய முனைக்குப் போகும். மற்றொன்று அந்தந்த வால்வின் எண்ணுக்கு. ஆக, ஆறு வால்வுக்கு ஏழு கம்பி. ஆனால் உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் கிழக்கும் மேற்கும் எதிரெதிர்த் திசை. ஒரே கேபிளை இரு பக்கமும் இழுத்து அலைக்கழிக்காமல் கிழக்குக்கு ஏழு கோர், மேற்குக்கு நான்கு கோர் என்று இரண்டாக வாங்குங்கள். கிழக்கே நான்கு வால்வுக்கு நான்கு, பொது ஒன்று, மீதி இரண்டு உபரி. மேற்கே ஓர் உபரி. பூமிக்குள் ஒரு கம்பி அறுந்துபோனால் உபரிக் கம்பியை மாட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு மல்லிகைப் பாத்திக்கு ஒரு வால்வு வேண்டுமென்று தோன்றினாலும் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. தோன்றும், பாருங்கள்.

ஏழு கோர் கேபிளின் மேலுறையைப் பிரித்ததும் பயந்துவிடாதீர்கள். சில வகைகளில் ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், மீதி எல்லாம் சாம்பல் நிறமாகவே இருக்கும். எல்லாவற்றிலும் எண் அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மஞ்சளைப் பொதுக் கம்பியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை மல்ட்டிமீட்டரில் ஒவ்வொன்றாகத் தேடி, இரு முனையிலும் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். மஞ்சள் எந்தப் பெட்டியிலும் வேறு வேலைக்குப் போகக் கூடாது.

ஜாயின்ட் விஷயத்தில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிச் சாலையில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்றாவது வால்வு ஒரு வாரம் திறக்கும், ஒரு வாரம் திறக்காது. வீட்டுக்காரர் காயிலை இரண்டு முறை மாற்றிவிட்டார். கண்ட்ரோலரையே மாற்றும் முடிவில் இருந்தார். வால்வுப் பெட்டியைத் திறந்தேன். பாதி அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். அதற்குள் கையை விட்டு ஜாயின்ட்டை மேலே எடுத்தேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நன்றாகத்தான் சுற்றியிருந்தார்கள், எட்டுப் பத்துச் சுற்று. டேப்பின் பசை கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செம்பே இல்லை. பச்சைக் களிம்புதான் இருந்தது. விரலால் நெருடியதும் மாவாக உதிர்ந்தது. இரு முனைகளையும் அந்தக் களிம்பே பிடித்துக்கொண்டிருந்தது. ஈரமாக இருக்கும் வாரத்தில் கொஞ்சம் மின்சாரம் கடத்தும், காய்ந்தால் கடத்தாது. ஒரு வாரம் திறப்பதும் ஒரு வாரம் திறக்காததும் அதனால்தான். சைவ சித்தாந்தக்காரர்கள் உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவத்தைச் செம்பில் களிம்புக்கு ஒப்பிடுவார்கள், கூடவே பிறந்தது என்று. தத்துவத்தில் அது எப்படியோ, வால்வுப் பெட்டியில் களிம்பைத் தடுக்கலாம்.

வீட்டுக்குள் பயன்படும் டேப் தண்ணீருக்குள் நிற்காது. பாசன வேலைக்கென்று உள்ளே கிரீஸ் நிரப்பிய சிறிய கனெக்டர்கள் விற்கிறார்கள். முறுக்கிய முனையை அதற்குள் திருகி மூடினால் தண்ணீர் செம்பைத் தொட வழியில்லை. நம் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போர்வெல் மோட்டார் இறக்குகிறவரைக் கூப்பிடுங்கள். சிரிக்காதீர்கள். முந்நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கேபிளில் ஜாயின்ட் போடுகிறவர் அவர்தான். கம்பியை முறுக்கி, ஈயம் வைத்து, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல்தான் பி.வி.சி. டேப் போடுவார். உங்கள் வால்வுப் பெட்டிக்கு அந்தக் கைவேலை போதும், தாராளம்.

ஜாயின்ட் எதுவும் வெறும் மண்ணுக்குள் இருக்கக் கூடாது, வால்வுப் பெட்டிக்குள் மட்டுமே. நடுவழியில் கேபிள் பற்றாமல் போய் ஒட்டுப்போட நேர்ந்தால் அந்த இடத்திலும் ஒரு சிறிய பெட்டியை வையுங்கள். தூரத்தை அளந்ததற்குமேல் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக வாங்கினால் அந்தத் தொல்லையே வராது.

உங்கள் மண் கரிசல் என்பதால் இன்னொன்று. சித்திரையில் கரிசல் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெடிப்பு கேபிளையும் சேர்த்து இழுக்கும். விறைப்பாகப் போட்ட கேபிள், இருப்பதிலேயே பலம் குறைந்த இடத்தில், அதாவது ஜாயின்ட்டில், பிய்த்துக்கொள்ளும். எனவே பள்ளத்தில் பாம்பு போவதுபோல் நெளித்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வுப் பெட்டியிலும் இரண்டு மூன்று அடிக் கேபிளைச் சுருட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். காயில் மாற்றும் நாளில் ஜாயின்ட்டைப் பெட்டிக்கு வெளியே தூக்கி, நின்றபடி வேலை செய்யவும் அது வசதி. ஆழம் ஓர் அடி இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, பள்ளத்தின் ஓரமாகக் கேபிள் போனால் பிற்காலத்தில் குழாயைத் தேடி மண்வெட்டி போடுகிறவர் முதலில் குழாயைத்தான் சந்திப்பார். போர்வெல் மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் கேபிளை இதே குழாய்க்குள் விடவே கூடாது. தனிப் பள்ளம் வேண்டும். இயலாவிட்டால் குறைந்தது ஓர் அடி இடைவெளியாவது.

பள்ளத்தை மூடுவதற்கு முன் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கண்ட்ரோலர் பக்கம் பொதுக் கம்பிக்கும் ஒவ்வொரு வால்வுக் கம்பிக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். கம்பிகளைக் கண்ட்ரோலரில் மாட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். நல்ல காயில் பெரும்பாலும் 20 முதல் 60 ஓமுக்குள் காட்டும். தென்னை வால்வு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று ஓம் கூடுதலாகக் காட்டினால் அது நீண்ட ஒயரின் பங்கு, குறையில்லை. எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆறு எண்களையும் கண்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள். ஐந்தாண்டு கழித்து ஒரு வால்வு முரண்டு பிடித்தால், கோளாறு ஒயரிலா காயிலிலா என்று வராந்தாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: வால்வுகள் வந்த அட்டைப்பெட்டியில் 24 வோல்ட் ஏ.சி. என்றுதானே அச்சிட்டிருக்கிறது? 9 வோல்ட் என்றும், கம்பிகள் சிவப்பு கறுப்பாகவும் இருந்தால் அது பேட்டரியில் இயங்கும் வகை. அதற்கு இந்தக் கணக்குகள் பொருந்தா; அங்கே எந்தக் கம்பி எங்கே என்பதும் முக்கியம்.

கடைசியாக மோட்டார். கண்ட்ரோலரின் 24 வோல்ட் முனை மோட்டாரை நேராக ஓட்டாது. நடுவே 24 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும், அது மோட்டாரின் ஸ்டார்ட்டரை இயக்கும். இந்த வேலையை உங்கள் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள், அவர் எச்சரிக்கைக்கு இங்கேதான் மதிப்பு. ரிலேவைக் கண்ட்ரோலருக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் போட்டு நிறுத்தும்போது எழும் மின் அதிர்வு கண்ட்ரோலரின் மூளையைக் குழப்பாமல் இருக்கும். கண்ட்ரோலருக்கும் ரிலேவுக்கும் இடையே வராந்தாச் சுவரோடு, காய்ந்த இடத்தில், கேசிங்குக்குள் இரண்டு கம்பிகள் போக வேண்டும். மருமகன் வைத்திருக்கும் ஒரு எம்.எம். ஒயர் அதற்கு அளவெடுத்தாற்போல் இருக்கும்.